804 டி4 ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்? சத்தம் கூட்டினால் ஏவிஆர் அணைந்துவிடுகிறது

#1 | கோவை ரசிகன்

எல்லோருக்கும் வணக்கங்க. பல வருட ஆசை நிறைவேறி பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 804 டி4 ஜோடி வீட்டுக்கு வந்துவிட்டது. அறை 12க்கு 16 அடி, மேலே கான்கிரீட் தளம், தரையில் பெரிய கம்பளம், பின்சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. உட்காரும் இடம் ஸ்பீக்கரிலிருந்து பத்தடி. சினிமா பார்க்க முன்பே வாங்கியிருந்த ஒன்பது சேனல் ஏவிஆரில்தான் (ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருக்கும் ஹோம் தியேட்டர் பெட்டி) இப்போதைக்கு மாட்டியிருக்கிறேன். சேனலுக்கு நூறு வாட்டுக்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கிறது.

குரல், வீணை, வயலின் எல்லாம் அருமையாக இருக்கிறது. ஆனால் தவில் கச்சேரிப் பதிவையோ, பாஸ் கிதார் நன்றாகக் கேட்கும் எண்பதுகளின் சினிமாப் பாட்டையோ சத்தமாக வைத்தால், சில நிமிடத்தில் உள்ளே டக்கென்று ரிலே விழுந்து ஏவிஆர் அணைந்துவிடுகிறது. முன்னால் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. கொஞ்சம் ஆறவிட்டுப் போட்டால் மறுபடி ஓடுகிறது.

ஸ்பீக்கரில் 8 ஓம் என்றுதானே போட்டிருக்கிறது, நூறு வாட் போதாதா? ஒரு கடையில் குறைந்தது 300 வாட் வேண்டும் என்கிறார்கள். இன்னொருவர் வால்வ் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வ் வைத்தது) மாட்டினால்தான் உயிர் வரும் என்கிறார். பட்ஜெட் ஐந்து லட்சம். முக்கால்வாசி நேரம் பாட்டுதான், சனி ஞாயிறு மட்டும் படம். வழி சொல்லுங்க.

#2 | அளவுகோல்

மூன்று விவரம் தேவை. ஏவிஆரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? சப்வூஃபர் இருக்கிறதா? மெனுவில் முன் ஸ்பீக்கர்கள் 'லார்ஜ்' (பாஸ் முழுவதும் அவற்றுக்கே போகும்) என்று இருக்கிறதா, 'ஸ்மால்' (பாஸ் சப்வூஃபருக்குப் பிரியும்) என்றா?

#3 | கோவை ரசிகன்

டிவி யூனிட்டின் கீழ்த்தட்டில், முன்னால் கண்ணாடிக் கதவு. சப்வூஃபர் இல்லீங்க. 'லார்ஜ்'. அறைக்கேற்ப ஏவிஆரே ஒலியைச் சரிசெய்துகொள்ள மைக் வைத்து ரூம் கரெக்‌ஷனும் ஓட்டியிருக்கிறேன்.

#4 | ஓம்விதி

நண்பரே, வாட்டைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். ஸ்பீக்கரோடு வந்த தகவல் தாளை எடுத்துப் பாருங்கள். இம்பிடன்ஸ் (கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு) 8 ஓம் என்பதன் பக்கத்திலேயே 'குறைந்தபட்சம் 3 ஓம்' என்று இருக்கும். ஆம்ப் தேர்வில் உங்களுக்கு வேண்டிய எண் இந்த 3தான்.

ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் ஒரே எண்ணாக நிற்காது, அலைவரிசைக்கு அலைவரிசை மாறும். ஓரிடத்தில் 20 ஓமுக்கு ஏறும், இன்னோரிடத்தில் 3க்கு இறங்கும். '8 ஓம்' என்பது சுமாராக ஒட்டப்படும் அடையாளம், அவ்வளவே. 804 டி4இல் 165 மில்லிமீட்டர் வூஃபர் (பாஸ் ஒலிக்கான கூம்பு) இரண்டு இருக்கின்றன. இப்படி இரண்டு வூஃபர் இணையாக வேலை செய்யும் மூன்று வழி ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் நூறு ஹெர்ட்ஸை ஒட்டித்தான் இம்பிடன்ஸ் பள்ளம் விழும். தவிலின் தொப்பிப் பக்கம் (கனத்த ஒலி தரும் தோல்), மிருதங்கத்தின் தொப்பி, பாஸ் கிதாரின் நடுப்பகுதி எல்லாம் குடியிருக்கும் இடம் அதுதான். வீணைக்கு ஓடி, தவிலுக்கு ஏவிஆர் படுத்துவிடுவதில் ஆச்சரியமே இல்லை.

கணக்கு எளிது. ஆம்ப் 20 வோல்ட் கொடுக்கிறது என்று வையுங்கள். 8 ஓமில் 2.5 ஆம்பியர் போகும். 3 ஓமில் 6.7 ஆம்பியர். வால்யூம் அதே, பாட்டும் அதே, ஆம்ப் தரவேண்டிய கரண்ட் மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல்.

இதற்கு மேல் ஃபேஸ் கோணம் ஒன்று இருக்கிறது. இம்பிடன்ஸ் வளைவை மட்டும் பார்த்தால் தெரியாத சுமை இது. வோல்டேஜும் கரண்டும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போகாமல் ஒன்று முந்தி ஒன்று பிந்திப் போனால், பவர் டிரான்சிஸ்டர் தன் மேல் நிறைய வோல்டேஜ் இருக்கும்போதே நிறைய கரண்டையும் சுமக்க வேண்டும். உங்கள் ஸ்பீக்கரின் கோணம் எவ்வளவு என்று நான் சொல்லவில்லை, பொதுவான ஓர் உதாரணம் தருகிறேன். 4 ஓம், 45 டிகிரி கோணம் உள்ள சுமையில் டிரான்சிஸ்டருக்கு உச்சத்தில் ஏறும் சூடு, வெறும் 1.4 ஓம் ரெசிஸ்டரை மாட்டினால் ஏறும் சூட்டுக்குச் சமம். இதை அளக்க ஆடியோ பத்திரிகைகளில் இபிடிஆர் என்றே தனி அளவு வைத்திருக்கிறார்கள். விமர்சனம் படிக்கும்போது கடைசிப் பக்க அளவீடுகளில் இம்பிடன்ஸ் வளைவையும் ஃபேஸ் வளைவையும் சேர்த்துப் பாருங்கள். இம்பிடன்ஸ் கீழே இருக்கும் இடத்தில் ஃபேஸும் பூஜ்யத்தை விட்டு வெகுதூரம் போயிருந்தால் அது கடினமான ஸ்பீக்கர்.

இனி அந்த நூறு வாட். ஒன்பது சேனலுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே ஹீட் சிங்க். பெட்டியில் போடும் எண் பெரும்பாலும் இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது 8 ஓமில் எடுத்தது. அதைவிடப் பெரிய எண் ஒன்றும் இருக்கும், சின்ன எழுத்தைப் படித்தால் '6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், ஒரு சேனல்' என்று வரும். 3 ஓமில் என்ன தரும் என்று அந்தத் தாளில் எங்கேயும் இராது. 4 ஓமில் என்ன தருகிறது என்று எழுதியிருக்கும் ஆம்பைத் தேடுங்கள். 8 ஓமில் கொடுப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு 4 ஓமில் கொடுத்தால் பவர் சப்ளையில் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம்.

இன்றைக்கே செய்யக்கூடியவை: கண்ணாடிக் கதவைத் திறந்து வையுங்கள், முடிந்தால் ஏவிஆரை வெளியே எடுத்து மேலே ஒரு சாண் இடம் விடுங்கள். ரூம் கரெக்‌ஷன் பாஸைத் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் 6 டெசிபல் தூக்கினால் அங்கே நாலு மடங்கு பவர் போகும். பின்னால் இருக்கும் '8 ஓம் / 4 ஓம்' தேர்வை 4க்கு மாற்றச் சொல்வார்கள், மாற்ற வேண்டாம். பல ஏவிஆர்களில் அது சூட்டைக் குறைப்பதற்காக உள்ளே வோல்டேஜைக் குறைப்பது மட்டுமே. சூடு குறையும், தெம்பும் குறையும்.

#5 | 300பி பிரியன்

ஓம்விதி சார் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் வால்வை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். என் வீட்டில் 300பி வால்வ் வைத்த சிங்கிள் எண்டட் ஆம்ப், எட்டு வாட்தான். கிளிப்ஷ் ஹெரிசி ஸ்பீக்கர், 99 டெசிபல் சென்சிடிவிட்டி, அதாவது குறைந்த வாட்டிலேயே நல்ல சத்தம் தரும். வாய்ப்பாட்டில் பாடகர் மூச்சை இழுத்து அடுத்த சங்கதிக்குத் தயாராகும் அந்த நொடியை இவ்வளவு கிட்டத்தில் நான் வேறெந்த ஆம்பிலும் கேட்டதில்லை. 804க்கு எட்டு வாட் போதாது, ஒத்துக்கொள்கிறேன். கேடி88 வால்வ் வைத்த புஷ்-புல் ஆம்ப், 50, 60 வாட், 4 ஓம் டேப்பில் (4 ஓம் ஸ்பீக்கருக்கான முனையில்) மாட்டிக் கேட்டுப் பாருங்கள்.

#6 | ஓம்விதி

உங்கள் ஜோடி நல்ல ஜோடி. 99 டெசிபல் ஸ்பீக்கருக்கு எட்டு வாட் தாராளம். 804க்கு வரும் சிக்கல் வாட்டால் மட்டும் வருவதல்ல, ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸும் (ஆம்புக்கு உள்ளேயே இருக்கும் எதிர்ப்பு) சேர்ந்து வரும். ஃபீட்பேக் குறைவான வால்வ் ஆம்பில் அது 2 ஓம் இருப்பது சாதாரணம். ஸ்பீக்கர் 20 ஓமாக இருக்கும் இடத்தில் 0.8 டெசிபல் மட்டும் இழப்பீர்கள். 3 ஓமாக இருக்கும் இடத்தில் 4.4 டெசிபல். ஆக, ஒரே ஸ்பீக்கரின் இரண்டு இடங்களுக்கு நடுவே மூன்றரை டெசிபல் ஏற்றத்தாழ்வு புதிதாக வந்துவிட்டது. அது காதுக்கு நன்றாகவே கேட்கும். சிலருக்குப் பிடித்தும் போகும். ஆனால் அப்போது நீங்கள் கேட்பது ஸ்பீக்கரை வடிவமைத்தவர் டியூன் செய்த ஸ்பீக்கரை அல்ல.

மெக்கின்டாஷ் போன்றவர்கள் டிரான்சிஸ்டர் ஆம்பிலேயே ஆட்டோஃபார்மர் (ஒருவகை டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து 2, 4, 8 ஓம் என்று டேப் தருகிறார்கள். அது வேறு வழி, வேறு விலை.

#7 | அளவுகோல்

இரண்டு ஆம்புகளை 0.1 டெசிபலுக்குள் லெவல் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டால், கிளிப் ஆகாதவரை (பவர் போதாமல் அலையின் உச்சி வெட்டுப்படாதவரை) வித்தியாசம் சொல்வது மிகக் கடினம். 1985இல் ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர் 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்காரர்களிடம் சவால் விட்டு, தன் டிரான்சிஸ்டர் ஆம்பை அவர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த ஆம்பைப் போலவே ஒலிக்கும்படி ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து மாற்றிக் காட்டினார். கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 'இந்த ஆம்ப் இனிமை, அந்த ஆம்ப் கறார்' என்று கடைகளில் சொல்வதை நம்பி ஐந்து லட்சத்தைக் கொடுக்காதீர்கள். தேவையான பவர், தேவையான கரண்ட், குறைந்த டிஸ்டார்ஷன், நம்பகமான சர்வீஸ். இதற்கு மேல் கொடுக்கும் பணத்தை அறைக்குச் செலவழியுங்கள். 16 அடி அறையில் முதல் பிரதிபலிப்பு விழும் இரண்டு பக்கச் சுவர்களும் வெறுமையாக இருந்தால் எந்த ஆம்பும் அதைச் சரிசெய்யாது.

#8 | ரொறன்ரோ ரசிகன்

//கிளிப் ஆகாதவரை//

அண்ணை, அந்த ஒரு சொல்லுக்குள்ளதான் முழு விசயமும் இருக்கு. 50 வாட் ஆம்ப் ஒன்றை 8 ஓம் ரெசிஸ்டரில அளந்தால் கிளிப் ஆகாது. 3 ஓமில அதே வோல்டேஜ் கேட்டால் ஆகும், இல்லையெண்டால் புரொடெக்‌ஷன் சர்க்கிட் இடையில புகுந்து கரண்டை மட்டுப்படுத்தும். அப்ப வித்தியாசம் நிச்சயம் கேட்கும்.

பழைய உதாரணம் ஒன்று. 1978இல வந்த என்ஏடி 3020, தாளில 20 வாட்தான். ஆனால் பவர் சப்ளையும் அவுட்புட் ஸ்டேஜும் 2 ஓம் வரைக்கும் தாங்கும்படி செய்திருந்தவை. தன்னைவிட பெரிய எண் போட்ட ஆம்புகள் திணறின ஸ்பீக்கர்களை அது ஓட்டினது. மற்ற எல்லையில எண்பதுகளின்ர அபோஜி சின்டில்லா, 1 ஓம் ஸ்பீக்கர். அதுக்குத் துணையா ஆக்கள் தேடினது 8 ஓமில 50 வாட் எண்டு போட்ட கிரெல் மாதிரியான ஆம்புகளை. எண் சின்னன், ஆனால் ஓம் பாதியாகும்போது வாட் இரட்டிக்கும்.

இங்க ஒன்ராறியோவில பிறைஸ்டன் ஆம்ப் செய்யினம், பீற்றர்பரோவில. என்னட்ட இருக்கிறது 4பி வரிசை. 300 வாட் 8 ஓமில, 500 வாட் 4 ஓமில, இருபது வருச உத்தரவாதம். ஆனால் கோவையில இருந்து பழுதுபார்க்க எங்க அனுப்புவியள் எண்டதையும் யோசியுங்கோ. சர்வீஸ் பக்கத்தில இல்லாத பெட்டி எவ்வளவு நல்லதெண்டாலும் வேண்டாம்.

#9 | மிருதங்கம்71

தம்பி, கணக்கெல்லாம் இவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கடைக்குப் போகும்போது என்ன கேட்பது என்று நான் சொல்கிறேன். மிருதங்கத் தனி ஆவர்த்தனப் பதிவு ஒன்று கொண்டுபோங்கள், மைக்கை வாத்தியத்துக்கு ரொம்ப ஒட்டி வைக்காமல் எடுத்த பதிவு. தொப்பியில் குமுக்கி வரும் இடத்தைக் கவனியுங்கள். அடி விழுந்ததும் சுருதி மேலே வழுக்கிப் போக வேண்டும், போய் நிற்க வேண்டும். சரியில்லாத ஆம்பில் அடி மட்டும் கேட்கும், வழுக்கல் குழைந்து 'பொம்' என்று ஒரே குவியலாக வரும். அதே நேரம் வலந்தலையில் (வலது பக்கத் தோலில்) 'நம்', 'தின்' இரண்டும் வேறு வேறாகக் கேட்கிறதா என்று பாருங்கள். தொப்பி பலமாக விழும்போது வலந்தலை மங்கினால் அந்த ஆம்ப் மூச்சு வாங்குகிறது. கடையில் அவர்கள் போடும் டெமோ பாட்டில் இது எதுவும் தெரியாது.

#10 | ஓம்விதி

//தொப்பி பலமாக விழும்போது வலந்தலை மங்கினால்//

ஐயா சொன்னதைவிட நல்ல சோதனை கிடையாது. பவர் சப்ளை இறங்கும்போது நடப்பது அதுவேதான்.

கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்கு உண்மையில் எத்தனை வோல்ட் தேவை என்று அளந்துவிடலாம். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

கணினியில் 'ஆடாசிட்டி' என்னும் ஒலி மென்பொருளைத் திறந்து 60 ஹெர்ட்ஸ் சைன் அலை உருவாக்குங்கள், ஆம்ப்ளிட்யூட் 0.25. அது உச்ச அளவைவிட 12 டெசிபல் கீழே. வேவ் கோப்பாகச் சேமித்து, பாட்டு கேட்கும் அதே சாதனத்தில் ஏற்றுங்கள். ஏவிஆரை 'ப்யூர் டைரக்ட்'டில் வையுங்கள், ரூம் கரெக்‌ஷன் நடுவில் வரக்கூடாது.

அப்புறம் உங்களிடம் இருப்பதிலேயே அமைதியும் உச்சமும் அதிகம் உள்ள பதிவைப் போட்டு, வாழ்க்கையில் இதற்கு மேல் வைக்கமாட்டேன் என்னும் சத்தத்துக்குக் கொண்டுபோங்கள். வால்யூம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏவிஆரை அணைத்து, ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கட்டும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஏவிஆரின் இடது பக்க இரண்டு முனைகளில் பிடித்து, ஏவிஆரைப் போட்டு அதே வால்யூமில் சைன் அலையை ஓட்டுங்கள். வரும் எண்ணை 4ஆல் பெருக்குங்கள். அதுதான் பதிவின் உச்சத்தில் ஆம்ப் தரவேண்டிய வோல்ட்.

ஸ்பீக்கரைக் கழற்றச் சொல்வது வூஃபருக்காகவும் உங்கள் காதுக்காகவும். 60 ஹெர்ட்ஸ் என்பது விலை குறைந்த மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் சரியாகக் காட்டாது என்பதற்காக. வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது. சுமை இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

#11 | கோவை ரசிகன்

அளந்தேன்ங்க. மீட்டரில் 4.6 வந்தது. பெருக்கினால் 18.4 வோல்ட். இது நல்ல எண்ணா கெட்ட எண்ணா?

கதவைத் திறந்து வைத்த பிறகு அணைவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ரூம் கரெக்‌ஷன் வளைவைப் பார்த்தேன், 45 ஹெர்ட்ஸ் பக்கம் நன்றாகவே தூக்கியிருக்கிறது.

ஒரு சந்தேகம். ஏவிஆரில் சும்மா இருக்கும் இரண்டு சேனல்களை வைத்து பை-ஆம்ப் (வூஃபருக்கு ஒரு சேனல், மற்றவற்றுக்கு ஒரு சேனல்) செய்தால் சரியாகுமா? ஸ்பீக்கருக்குப் பின்னால் நாலு முனை இருக்கிறது.

#12 | ஓம்விதி

18.4 வோல்ட். 8 ஓமில் 42 வாட். இதே இடத்தில் நின்றிருந்தால் உங்கள் ஏவிஆரே போதும். 3 ஓமில் அது 113 வாட் ஆகிவிடுகிறது. கரண்ட் 6 ஆம்பியர், உச்சியில் ஏறக்குறைய 8.7. இரண்டு பக்கமும் சேர்ந்து இதைத் தொடர்ந்து கேட்டால், மூடிய அலமாரியில் இருக்கும் ஒன்பது சேனல் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைவது சரியான நடத்தைதான். 45 ஹெர்ட்ஸில் தூக்கியது இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

அதாவது 300 வாட் உங்களுக்குத் தேவையில்லை. ஸ்பீக்கர் தயாரிப்பாளரே 50 முதல் 200 வாட் என்றுதான் பரிந்துரைக்கிறார். 8 ஓமில் 100 முதல் 150 வாட், 4 ஓமில் அதைவிட நன்றாக ஏறும் எண், 2 ஓம் வரை தாங்கும் என்று எழுத்தில் இருக்கும் ஆம்ப். இது இருந்தால் உங்கள் உச்சத்துக்கு மேல் இன்னும் 4, 5 டெசிபல் கையில் இருக்கும்.

பை-ஆம்ப் வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றேதான், கரண்ட் அங்கிருந்துதான் வரவேண்டும். வூஃபருக்கான சேனல் இப்போது படும் அதே பாட்டைத்தான் அப்போதும் படும். இரண்டு ஆம்புகளை பிரிட்ஜ் (ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டையும் சேர்த்து ஓட்டுவது) செய்யச் சொல்லி யாராவது வந்தால் அதுவும் வேண்டாம். பிரிட்ஜில் ஒவ்வோர் ஆம்பும் ஸ்பீக்கரின் பாதி ஓமைத்தான் பார்க்கும். 3 ஓம் அங்கே 1.5 ஆகிவிடும்.

#13 | அளவுகோல்

அந்த வரையறைக்குள் வரும் சில. என்ஏடி சி 298 பவர் ஆம்ப்: புரிஃபை நிறுவனத்தின் கிளாஸ்-டி (சூடு குறைவான ஸ்விட்சிங் வகை), 8 ஓமில் 185, 4 ஓமில் 340 வாட். உங்கள் ஏவிஆரில் ப்ரீ-அவுட் (வெளி ஆம்புக்கு சிக்னல் தரும் முனை) இருந்தால் நேராக மாட்டிவிடலாம். ரோட்டல் ஆர்ஏ-1592 இன்டக்ரேட்டட் (வால்யூம், இன்புட் எல்லாம் சேர்ந்த ஆம்ப்): 8 ஓமில் 200, 4 ஓமில் 350. ஹெகல் எச்190 இன்டக்ரேட்டட்: 8 ஓமில் 150, குறைந்தபட்சச் சுமை 2 ஓம்.

கிளாஸ்-டி என்றதும் சப்வூஃபருக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புரூனோ புட்சீஸ் வடிவமைத்த ஹைபெக்ஸ் என்கோர், அதற்குப் பின் புரிஃபை வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை. அளவீட்டில் டிஸ்டார்ஷன் மிகக் குறைவு, சுமை மாறினாலும் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் அசையாது. சூடும் கிடையாது. நம் ஊருக்கு இது பெரிய விஷயம். கிளாஸ்-ஏ ஆம்ப் சேனலுக்கு 25 வாட் தர, பாட்டே ஓடாதபோதும் இரண்டு பக்கமும் சேர்த்துக் குறைந்தது நூறு வாட்டை வெப்பமாக அறைக்குள் விட்டபடி இருக்கும், நடைமுறையில் அதைவிட அதிகம். ஏப்ரல், மே மாதத்தில் ஏசிக்கும் அதற்கும் போட்டி.

#14 | கோவை ரசிகன்

எச்190க்கு டாம்பிங் ஃபேக்டர் 4000க்கு மேல் என்று போட்டிருக்கிறார்கள். வேறொன்றுக்கு 200. இருபது மடங்கு வித்தியாசத்தில் பாஸ் அவ்வளவு இறுக்கமாக இருக்குமாங்க?

#15 | ஓம்விதி

இருக்காது. டாம்பிங் ஃபேக்டர் என்பது 8 ஓமை ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸால் வகுத்தது. 4000 என்றால் 0.002 ஓம். ஆனால் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வயர் இருக்கிறதே. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மீட்டருக்கு ஏறக்குறைய 0.007 ஓம். ஐந்து மீட்டர் போகவர பத்து மீட்டர், 0.07 ஓம். அதை மட்டும் வைத்தாலே ஸ்பீக்கர் முனையில் நிற்பது 115 பக்கம்தான். நூறுக்கு மேல் உள்ள எந்த எண்ணும் விளம்பரத்துக்கு உதவும். எச்190 நல்ல ஆம்ப், காரணம் இந்த எண் அல்ல.

இதிலிருந்து கிடைக்கும் பயனுள்ள செய்தி ஒன்று உண்டு: ஆம்பை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து வயரைச் சுருக்குங்கள். 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் நல்ல செம்பு போதும். வயருக்குத் தனி பட்ஜெட் ஒதுக்க வேண்டாம்.

#16 | 300பி பிரியன்

கரண்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே, வீட்டுக் கரண்டைச் சொல்கிறேன். ஜப்பானில் இருந்து வரும் பழைய அக்யூஃபேஸ், லக்ஸ்மன் ஆம்புகள் எல்லாம் 100 வோல்ட் மாடல். விலை ஆசை காட்டும். நல்ல ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் சொருகினால் அதோடு முடிந்தது. எர்த் பின்னை வெட்டிவிட்டு ஹம் போய்விட்டது என்று மகிழ்பவர்கள் இருக்கிறார்கள், உயிர் விஷயம், தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் ஆம்பை அந்த லைனில் போடாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். தனி 16 ஆம்பியர் பாயின்ட், சரியான எர்த். அது போதும்.

#17 | மட்டுறுத்துநர்

கடைகளின் விலை ஒப்பீடு தொடர்பான நான்கு பதிவுகளைச் சந்தைப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். ஆம்ப் பேச்சு இங்கேயே தொடரட்டும்.

#18 | கோவை ரசிகன்

கேட்டுவிட்டு வந்தேன்ங்க, விவரமாக எழுதுகிறேன்.

எச்190, சி 298 இரண்டையும் வீட்டுக்கே கொண்டுவந்து வைக்கச் சம்மதித்தார்கள். சி 298ஐ என் ஏவிஆரின் ப்ரீ-அவுட்டில் மாட்டினோம். அளவுகோல் சொன்னபடி அதே 60 ஹெர்ட்ஸ் அலையை வைத்து, ஸ்பீக்கர் முனையில் மீட்டரில் இரண்டும் 2.00 வோல்ட் காட்டும்படி சரிசெய்துவிட்டுத்தான் பாட்டு போட்டோம். மீட்டர் இல்லாமல் முதலில் ஒரு தடவை கேட்டபோது ஒன்று தெளிவாக மேல் என்று தோன்றியது, அளந்தால் அது சத்தம் கூட இருந்தது.

ஐயா சொன்ன குமுக்கி. ஏவிஆரில் அந்த வழுக்கல் எனக்குக் கேட்டதே இல்லை, ஒரு பருத்த ஒலியாகத்தான் வந்துகொண்டிருந்தது. இரண்டு ஆம்பிலும் சுருதி ஏறி நிற்பது தனியாகக் கேட்டது. வலந்தலை மங்கவில்லை. தவில் பதிவை முழு சத்தத்தில் அரைமணி நேரம் ஓட்டினோம், எதுவும் அணையவில்லை. எச்190இன் மேல்மூடி கை வைத்து எடுக்கும் அளவுக்குச் சூடு, சி 298 வெதுவெதுப்பு.

இரண்டுக்கும் நடுவே உண்மையிலேயே வித்தியாசம் கேட்டதா என்றால், கேட்கவில்லை. நண்பர் திரைக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் போட்டார், என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

எச்190 எடுக்கிறேன். காரணம் வசதி: பாட்டுக்கு ஏவிஆரைப் போட வேண்டியதே இல்லை, ஸ்ட்ரீமிங்கும் டிஏசியும் (டிஜிட்டலை அனலாக் சிக்னலாக மாற்றுவது) உள்ளேயே இருக்கிறது, சர்வீஸுக்கு அனுப்பும் இடமும் கேட்டு வைத்துவிட்டேன். பட்ஜெட்டில் மீதி வருவதைப் பக்கச் சுவர்களுக்குப் பேனல் போடப் போகிறேன்.

#19 | மிருதங்கம்71

சந்தோஷம் தம்பி. கஞ்சிரா பதிவு ஒன்றும் போட்டுக் கேளுங்கள். தோலில் தண்ணீர் தெளித்து இறக்கிய சுருதி எவ்வளவு கீழே போகிறது என்று இனிமேல் தெரியும்.

#20 | அளவுகோல்

திரைக்குப் பின்னால் மாற்றிக் கேட்டதற்கு நன்றி. இந்தத் தளத்தில் அதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. பேனல் போடுமுன் ஸ்பீக்கர்களைப் பின்சுவரிலிருந்து அரையடி அரையடியாக முன்னால் இழுத்து, 45 ஹெர்ட்ஸ் பள்ளம் (அறையால் அங்கே சத்தம் குறைவது) நகர்கிறதா என்று பாருங்கள். ரூம் கரெக்‌ஷன் தூக்கியது அந்தப் பள்ளத்தைத்தான். பள்ளத்தை பவர் கொடுத்து நிரப்ப முடியாது, இடத்தை மாற்றித்தான் நிரப்பலாம்.

#21 | கோவை ரசிகன்

செய்கிறேன்ங்க. கடைசிச் சந்தேகம்: படம் பார்க்கும்போது ஏவிஆரையும் எச்190ஐயும் எப்படி இணைப்பது?

#22 | ரொறன்ரோ ரசிகன்

ஏவிஆரின்ர முன் இடது, வலது ப்ரீ-அவுட்டில இருந்து ஹெகலின்ர ஒரு அனலாக் இன்புட்டுக்கு இரண்டு ஆர்சிஏ வயர். ஹெகலின்ர மெனுவில அந்த இன்புட்டை ஹோம் தியேட்டர் எண்டு மாத்தினால் அதில வால்யூம் நிலையா நிற்கும், சத்தத்தை ஏவிஆர் பார்த்துக்கொள்ளும். அந்த இன்புட்டில தவறியும் ஸ்ட்ரீமரையோ சிடி பிளேயரையோ செருக வேண்டாம், முழுச் சத்தத்தில ஸ்பீக்கருக்குப் போயிடும். ஏவிஆரின்ர முன் ஸ்பீக்கர் முனைகளில இருந்து பழைய வயரைக் கழட்டிப்போடுங்கோ. பிறகு மைக்கை வைச்சு ரூம் கரெக்‌ஷனைத் திரும்ப ஓட்டுங்கோ, ஆம்ப் மாறினதால பழைய லெவல் சரிவராது. இந்த முறை 45 ஹெர்ட்ஸில எவ்வளவு தூக்குது எண்டு பார்த்து, 3 டெசிபலுக்கு மேல எண்டால் குறைச்சுவிடுங்கோ.